பொறுங்க, பொழுது கெடக்கு

எங்கள் ஊரில் பொழுது இரண்டு முறை சாயும். உத்தமபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். சாயங்காலம் வெயில் முதலில் மலைக்குப் பின்னால் போய் விழும். தெருவில் நிழல் இறங்கும், வாழைத்தோப்பில் கொசு கிளம்பும், வெளியூர்க்காரர்கள் பொழுது அடைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நிஜமான அஸ்தமனம் பிறகுதான் வரும். அது எங்கள் கண்ணில் படாது.

மற்ற மாதங்களில் இதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. நோன்பு மாதத்தில்தான் சங்கடம். நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துவிட்டு, மலை மறைத்ததை நம்பி எதையாவது வாயில் போட்டுவிட்டால் அன்றைய நோன்பு போச்சு. கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒருமுறை வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் அப்படித்தான் ஒரு முழு வடையை உள்ளே தள்ளினார். அம்மா அடுப்படியிலிருந்து, "பொறுங்க, பொழுது கெடக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். வடை முந்திக்கொண்டது. அன்றிலிருந்து நோன்பு நாட்களில் யார் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிழல் விழுந்ததும் அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை தானாக வந்துவிடும்.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்தவளை, "லீவா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் லீவு என்றே சொன்னேன். எத்தனை நாள் லீவு என்று கேட்க ஆரம்பித்த பிறகு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை தேடிக்கொண்டே சும்மா இருந்த அந்த மாதங்களில்தான் தொழுகை நேரம் காட்டுகிற ஒரு சின்ன நிரலை எழுதினேன். அதுபோல ஆயிரம் இருக்கின்றன. என்னுடையதில் ஒரே ஒரு விசேஷம், அதற்கு மலை இருப்பது தெரியும். எந்த ஊரில் எந்தப் பக்கம் மலை, அது எத்தனை மணிக்கு வெயிலை மறைக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். நிழல் விழுந்த நேரத்துக்கும் அஸ்தமன நேரத்துக்கும் நடுவே திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நிற்கும். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. "பொறுங்க, பொழுது கெடக்கு" என்று தட்டினேன். பிறகு நல்ல தமிழில் மாற்றலாம் என்று நினைத்து, அப்படியே விட்டுவிட்டேன்.

அதை இணையத்தில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டேன். அப்படிப் போடும்போது ஓர் உரிமம் தேர்ந்தெடுக்க வேண்டும். சில உரிமங்கள் கறாரானவை. எடுத்துக்கொள், ஆனால் நீ செய்கிற மாற்றத்தையும் இதேபோல் திறந்து வை என்று சொல்லும். நான் தேர்ந்தெடுத்தது வேறு. எடுத்துக்கொள், மாற்று, விற்றுக்கொள், பூட்டியும் வைத்துக்கொள், எழுதியவர் பெயர் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் அழிக்காதே என்றது அது. என் பெருந்தன்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். உண்மையில் அதுதான் நீளம் குறைவாக இருந்தது. அந்த ஒரு வரியிலாவது சொந்தப் பெயரைப் போட்டேனா என்றால், அதுவும் இல்லை. பெண் பெயரைப் பார்த்தால் வேண்டாத செய்திகளெல்லாம் வரும் என்று ஒரு மலைப்பறவையின் பெயரை வைத்துக்கொண்டேன்.

முகம் தெரியாதவர்கள் வந்து உதவினார்கள். எங்கோ ஒரு குளிர்நாட்டுக்காரர் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினார். இடுக்கியிலிருந்து ஒருவர் மலையாளம் சேர்த்தார். ராயப்பன்பட்டியிலிருந்து ஓர் ஆசிரியர், மாதா கோவில் மணி அடிக்கிற நேரத்துக்கு இதை மாற்ற முடியுமா என்று கேட்டு, மாற்றியும் காட்டினார். ஊரில் முகத்தைக் காட்டக் கூசியவளுக்கு அந்தத் திரைக்குள் ஒரு மரியாதை இருந்தது. அதை அத்தாவிடம், என் அப்பாவிடம், கொண்டுபோய்க் காட்டியதுதான் தப்பு.

அத்தாவுக்குப் பூச்சிமருந்துக் கடை. பள்ளிவாசல் ஜமாத்துக்கு நெடுங்காலமாக அவர்தான் செயலாளர். எங்கள் பக்கத்துத் திராட்சைக்காரர்கள் போலி மருந்தை அடித்துக் கொடி கருகிக் கண்ணீர் விட்டதை நிறையப் பார்த்தவர். அதனால் அவர் கடையில் ஒரே சட்டம்தான். மூடியில் சீல் இருந்தால்தான் சரக்கு. யாராவது கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள் என்று கேட்டால், அது தேவாரம் ஊர் ஆளானாலும் மார்க்கையன்கோட்டை ஆளானாலும், சொந்த மச்சினனே ஆனாலும், பிரித்துக் கொடுக்க மாட்டார். அவர் வாயில் வரக்கூடிய ஆகக் கெட்ட வார்த்தை டூப்ளிகேட்.

பள்ளிவாசலில் ஒரு பழைய டிவி சும்மா கிடக்கிறது, அதில் இதைப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"இதுக்கு பில்லு இருக்காம்மா?"

"பில்லெல்லாம் கெடையாது அத்தா. சும்மா. யாரு வேணாலும் தெறந்து பாக்கலாம், எடுத்துக்கலாம்."

"தெறந்து கெடக்குற சரக்குல யாரு என்னத்தக் கலந்தாகன்னு யாருக்குத் தெரியும்?"

"தெறந்து கெடந்தாத்தான் அத்தா கலந்தது தெரியும்."

"ஒனக்குத் தெரியும். எனக்கு?"

கோபம்தான் வந்தது. உங்களுக்கு உங்கள் சீல்தான் பெரிது என்று எதையோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த நோன்புக்கு முன்பு மதுரையிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார். பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரப் பலகை. பார்க்க அழகாக இருந்தது. பின்பக்கம் மின்னுகிற ஸ்டிக்கர், கிழித்தால் உத்தரவாதம் செல்லாது. அத்தா முதலில் தடவிப் பார்த்தது அந்த ஸ்டிக்கரைத்தான். ஜமாத்தில் சிலர் இருக்கிற கடிகாரமே போதுமே என்றார்கள். அத்தா தன் வாக்கைக் கொடுத்தார். "நான் பாத்துட்டேன், ஒரிஜினல் சரக்கு. ஏதும்னா என்னையக் கேளுங்க." ஊர் அவர் பேச்சைத் தட்டாது. ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அவருடையதுதான். பள்ளிவாசலுக்கென்று அந்த ஆளே ஒரு மின்னஞ்சல் முகவரியும் உருவாக்கித் தந்தார். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரும் அந்த ஆள் ஒருவர்தான்.

பலகை மாட்டிய அன்று அத்தா சின்னப் பிள்ளை போல வீட்டுக்கு வந்தார். செல்போனில் எடுத்த வீடியோவை எனக்குக் காட்டினார். பச்சை எழுத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம், மலை நிழல் விழுந்ததும் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பொறுங்க, பொழுது கெடக்கு.

"பாத்தியா? மலை மறைக்கிறது அவுகளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கு பாரு. பேச்சுகூட நம்ம ஊருப் பேச்சு. கம்பெனின்னா கம்பெனிதான்."

எந்த மதுரைக் கம்பெனி, கிடக்கிறது என்பதைக் கெடக்கு என்று எழுதும்? அது எங்கள் அடுப்படிச் சொல். என் நிரலை அப்படியே எடுத்து, பறவைப் பெயர் இருந்த வரியை மட்டும் அழித்துவிட்டு, வண்ணம் பூசி, பூட்டுப் போட்டு, என் அத்தாவுக்கே விற்றிருக்கிறார்கள். எடுத்ததும் விற்றதும் தப்பில்லை. அதற்கு நான்தான் இடம் கொடுத்திருந்தேன். அந்த ஒரு வரியை அழித்ததுதான் தப்பு. அதையும் என் பெயராகப் போட எனக்குத் தைரியம் இருக்கவில்லை. யாரிடம் போய் என்ன கேட்பது?

நிறுவனத்துக்கு எழுதினேன். மரியாதையான ஆங்கிலத்தில் பதில் வந்தது. எங்கள் பொருள் எங்களுக்கே சொந்தமானது, வாங்கியவர் ஒப்பந்தப்படி பெட்டியை யாரும் ஆராயக் கூடாது, ஆராய்ந்தால் கையெழுத்திட்டவரே பொறுப்பு என்றது. கையெழுத்திட்டவர் பக்கத்து அறையில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி எவ்வளவு என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தாவின் மதிப்பைக் காப்பாற்றத்தான் மூடினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சும்மா கொடுத்தபோது வேண்டாம் என்றவர் அதையே காசு கொடுத்து வாங்கினார் என்பதை அவருக்குச் சொல்ல எனக்கும் வெட்கம், கேட்க அவருக்கும் வெட்கம். அப்படி ஒரு வருடம் ஓடியது.

மறு வருட நோன்பில் பாதி கடந்திருந்தது. அதற்குள் ஊருக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. பலகையில் சிவப்புப் போய்ப் பச்சை வந்தால்தான் மோதினார் மைக்கைத் தொடுவார், பாங்கு சொல்வார். பாங்கு கேட்டால்தான் வீடுகளில் நோன்பு திறப்பார்கள். அன்று சிவப்பு வந்தது. வந்தது போகவில்லை. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிவாசலே பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஊர்ப் பாங்கு காற்றில் கேட்டது. சிலர் தங்கள் போனைப் பார்த்தார்கள், நேரம் ஆகிவிட்டது என்றார்கள். பலகையோ பொறுங்க, பொழுது கெடக்கு என்றது. மலைதான் கண்ணை ஏமாற்றும், பலகை ஏமாற்றாது என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அத்தா. அதனால் எல்லாரும் பலகையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் எழுந்து, பிஸ்மி சொல்லித் தண்ணீரைக் குடித்தார். அதற்குள் கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது.

பெண்கள் நாங்கள் வீட்டில் காத்திருந்தோம். பாங்கு வராத அந்த நேரத்தில் தெரு அப்படி ஓர் அமைதியாக இருந்தது. அம்மாகூட, "இன்னைக்கு என்னடி, பொழுது சாய மறந்துருச்சா?" என்று கேட்டாள்.

நடந்தது பெரிய விஷயமில்லை. ஒரு வருட உரிமம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறை திரை மாறும்போதும் பெட்டி தன் நிறுவனத்திடம் அனுமதி கேட்கும், அன்று சிவப்பு வந்த பிறகு கெடு முடிந்து, பச்சைக்கு அனுமதி கிடைக்கவில்லை. வாங்கியாகிவிட்டது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. வாடகைக்கு எடுத்தது போலத்தான் என்பது ஒப்பந்தத்தின் ஆங்கிலத்தில் இருந்தது. எச்சரிக்கைகளெல்லாம் யாரும் திறக்காத அந்த மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. என் நிரலில் அவர்கள் சேர்த்த ஒரே புது விஷயம் அந்தப் பூட்டுத்தான்.

மறுநாளே அத்தாவுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பொறுங்க பாய். கடைக்கு வந்தவர்கள், "பாய், மருந்து இன்னைக்குக் கெடைக்குமா, இல்ல பொறுக்கணுமா?" என்றார்கள். அத்தா சிரித்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் தட்டிய வார்த்தை என் அத்தாவின் பெயராகிவிட்டது. அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

அத்தா அந்த நிறுவனத்து ஆளுக்குப் போன் போட்டிருக்கிறார். புதுப்பிக்க வேண்டும், வேறு யாரும் எங்கள் சரக்கைக் காப்பியடித்துப் போட்டால் சட்டப்படி குற்றம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது. அத்தா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, அன்னைக்கு ஏதோ டிவில போட்டுத் தாரேன்னயே. அதை இப்பப் போட முடியுமா?"

ஒரு வருடத்துக் கோபம் அந்தக் கேள்வியில் கரைந்துவிட்டது. ஒரு சின்ன கம்ப்யூட்டரில் அன்று மதியமே ஏற்றிக் கொடுத்தேன். அத்தாவே கொண்டுபோய் டிவியில் மாட்டினார். அந்த வார்த்தையை மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மாற்றவில்லை. அவராகவே பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று ஒரு சின்ன ஆசை.

சாயங்காலம் மஹ்ரிபு தொழுகை முடிந்து அவர் வந்து நின்ற முகத்தைப் பார்த்ததும், புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன்.

"இது அவுக சரக்கும்மா. அச்சு அசல் அதே வார்த்தை. டூப்ளிகேட்டக் கொண்டுபோயி அல்லாவோட வீட்ல மாட்ட வச்சுட்டியே."

"அத்தா, அது என்னோடது. அவங்கதான் எங்கிட்டருந்து எடுத்தாங்க."

"அன்னைக்கு நீ காட்டுனப்ப இந்த வார்த்தையை நான் பாக்கலயே. அவுக போர்டு போன வருசம் வந்துச்சு. நீ போட்டது இன்னைக்கு."

இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அதில் இருந்தது எல்லாம் ஆங்கிலம், எல்லாம் அந்நியப் பெயர்கள். "இதுல ஒன் பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டார். நான் பறவைப் பெயரைத் தொட்டுக் காட்டினேன். "குருவி பேரு இருக்கு. ஒன் பேரு எங்கன?" என்று மறுபடி கேட்டார். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே பொய் போலப்பட்டது. அத்தா கோபப்படவில்லை. வேலை போன வருத்தத்தில் புள்ளை இப்படிச் செய்துவிட்டது என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் என் கண் முன்னால் போன் போட்டார்.

"தம்பி, எங்க வீட்டுப் புள்ள தெரியாம ஒங்க சரக்கைக் காப்பி பண்ணிருச்சு. கழட்டிட்டோம். மனசுல வச்சுக்காதீக. புதுப்பிக்கிறதுக்கு என்னவோ அதை நானே கட்டிர்றேன்."

"பரவாயில்ல பாய்," என்றது அந்தப் பக்கம். "பெரிய மனுஷன், நீங்களே சொல்லிட்டீங்க. மேலிடத்துக்கு நான் சொல்லல. இனிமே பாத்துக்கங்க."

"ரொம்ப நன்றி தம்பி."

கத்தியிருக்கலாம். போனைப் பிடுங்கியிருக்கலாம். எதற்கும் சண்டைக்கு நிற்கிறவள் நான், அன்று சுவரோடு சுவராக நின்றேன். திருடனிடம் என் அத்தா எனக்காக மன்னிப்புக் கேட்டார். அவனும் பெரிய மனசு பண்ணி மன்னித்தான்.

அன்று சாயங்காலம் அத்தா பள்ளிவாசலுக்குப் போகவில்லை. பலகையைப் புதுப்பிக்கும்வரை பழைய கடிகாரம் போதும் என்று மதியமே சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். செயலாளர் ஆனதிலிருந்து நோன்பு நாளில் அந்த நேரம் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. வழக்கமாகக் கஞ்சி ஊற்றுவதை நின்று பார்த்து, கடைசி ஆளுக்கும் கிடைத்த பிறகு வருகிறவர். இப்போது கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே. எங்கள் நடுவே பேரீச்சம்பழத் தட்டு. இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெயில் மலைக்குப் பின்னால் விழுந்தது. கூடம் இருண்டது. அத்தாவின் கை தானாகத் தட்டுப் பக்கம் போனது. அடுப்படியில் வடை போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"பொறுங்க, பொழுது கெடக்கு."

அத்தாவின் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

"பொழுது கெடக்குன்னேன். மலைக்கு அங்கிட்டு இன்னும் வெயில் அடிக்கும்ல."

"இதை எப்பருந்து சொல்ற?"

"ஆத்தாடி, இது என்ன கேள்வி! அந்த மனுசரு வடையை முழுங்குனாகளே, அன்னையிலருந்து சொல்றேன். நீங்க எங்க வீட்ல நோன்பு தொறந்தீக, கேக்குறதுக்கு?"

பலகையை அம்மா பார்த்ததே இல்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. வடையைத் திருப்பிப் போட்டாள். அத்தா என்னைப் பார்த்தார். அந்த ஒரு கணம் என் மனசு துள்ளியது. மாட்டிக்கொண்டாயா என்று உள்ளே ஒரு குரல் சந்தோஷமாகக் கேட்டது. நாள் முழுக்கப் பட்டினியாக, ஊரெல்லாம் கேலி பேசி, ஒரு வயசான மனிதர் முகம் சுருங்கி உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பார்த்து நான் ஜெயித்த சந்தோஷம் கொண்டாடினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பாங்கு சொன்னார்கள். அத்தா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். "பாங்கு சொல்லியாச்சுங்க, தொறங்க," என்று அம்மா வந்து சொன்ன பிறகுதான் வாயில் போட்டார்.

பெருநாள் முடிந்து சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதற்குள் பலகை புதுப்பித்த உரிமத்தோடு மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. கடையில் ஆளில்லை. அத்தா ஒவ்வொரு மருந்து பாட்டிலாகத் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜமாத்துல சொல்லிருங்கத்தா," என்றேன். "அது நம்ம வீட்ல எழுதுனதுன்னு."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லணும்மா. அதைச் சொன்னா, எம்புள்ளயத் திருடின்னு நானே போன்ல சொன்னதையும் சொல்லணும்ல. அதுக்குத்தான் வாய் வரமாட்டேங்குது."

தூக்குவாளியை மேஜைமேல் வைத்தேன். இத்தனை காலம் அத்தா கொடுப்பதைப் பார்க்காமலே வாங்கிப்போன திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்து மருந்து கேட்டார். அத்தா எடுத்துக் கொடுத்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூடியில் சீல் இருக்கிறதா என்று விரலால் தடவிவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.